லயத்துப் பாட்டும் பள்ளிச் சேர்ந்திசையும்

தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழா ஒன்றை நினைத்துப் பார்ப்போம். மேடையில் முப்பது மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்கின்றனர். இசையாசிரியர் கைகாட்டியதும் ஒலிபெருக்கியிலிருந்து பின்னணி இசை எழுகிறது. அதனோடு சேர்ந்து திரைப்பாடல் ஒன்றையோ நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்றையோ பாடி முடிக்கின்றனர். கைத்தட்டல் எழுகிறது. கீழே, முன்வரிசையில், பேரப்பிள்ளைகளைக் காண வந்த பாட்டிமார் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குப் பத்துத் தாலாட்டு தெரியும். மற்றொருவர் மாரியம்மன் திருவிழாக் கும்மிக்கு முன்பாட்டுப் பாடியவர். மேடைக்கும் முன்வரிசைக்கும் இடையே பத்தடி தொலைவுதான். எனினும் அப்பாட்டிமாரின் பாடல்களுள் ஒன்றுகூட அந்தப் பத்தடியைக் கடந்து மேடையேறுவதில்லை.

அந்தப் பத்தடியைப் பற்றியதே இவ்வுரை. நாம் இசைவாணர் அல்லோம். மொழியியல் பயின்று, கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் பேச்சுவழக்கைத் திரட்டுவதற்காக ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தவர்கள். சொற்களைத் தேடிச் சென்ற இடத்தில் பாடல்கள் மிகுதியாகக் கிடைத்தன. ஆதலின், பள்ளிகளில் சேர்ந்திசைக் குழுக்களை நடத்தவிருக்கும் வருங்கால ஆசிரியர்க்கு நாட்டார் பாடலை எவ்வாறு பயிற்றுவது என்னும் வினாவை மொழியின் பக்கம் நின்று அணுகுகிறோம். நம் கருத்து சுருக்கமானது. மாணவர் வீட்டில் வழங்கிய பாடலைக் கேட்கவும், அதன் சொல்லைச் சிதைக்காமல் எழுதவும், பலர் சேர்ந்து பாடும் வடிவில் திருப்பித் தரவும் அறிந்தவரே தமிழ்ப்பள்ளிக்கு நிறைவான இசையாசிரியர். இத்திறன்கள் தாமாக வருவன அல்ல, பயிற்சியால் வருவன.

உக்ரைன் காட்டும் வழி

நாட்டார் பாடலையே அடித்தளமாக வைத்துச் சேர்ந்திசை ஆசிரியரை உருவாக்கும் மரபு உக்ரைன் நாட்டில் வேரூன்றியது. அங்குச் சிற்றூர்களில் பலர் கூடிப் பாடுவது பழைய வழக்கம். ஒருவர் முதலில் தனியே எடுத்துக் கொடுப்பார். மற்றவர் இடையில் சேர்ந்துகொள்வர். ஒரு குரல் மட்டும் மேலே பிரிந்து தன் வழியே செல்லும். ஏட்டுக்கல்வி இன்றியே இப்பலகுரல் இசை தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிக்கோலா லிசென்கோ என்னும் இசையறிஞர் இப்பாடல்களைத் திரட்டிச் சேர்ந்திசைக்கு ஏற்ப அமைத்தார். 1904-இல் கீவ் நகரில் இசை, நாடகப் பள்ளி ஒன்றையும் நிறுவினார்.

அவர் வழியில் வந்தவர் மிக்கோலா லெயொந்தோவிச் (1877–1921). வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியராகவே கழித்த இவர், பொதோலியா வட்டாரத்துச் சிற்றூர்ப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். கிரிஷினோ இரயில் நிலையத்துப் பள்ளியில் பணியாற்றியபோது இரயில்வேத் தொழிலாளர்களைக் கொண்டே ஒரு சேர்ந்திசைக் குழு அமைத்தார். பின்னர்த் துல்ச்சின் நகரப் பெண்கள் பள்ளியில் கற்பித்தார். அவர் அமைத்த 'ஷெத்ரிக்' என்னும் பாடல் 1916-இல் கீவ் நகரில் முதன்முறை பாடப்பெற்றது. அது வீடுதோறும் சென்று பாடும் புத்தாண்டு வாழ்த்துப் பாட்டு. முற்றத்திற்குப் பறந்துவந்த தகைவிலான் குருவி ஒன்று, தொழுவத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறந்துள்ளன என வீட்டுத் தலைவனை அழைத்துச் சொல்வதே அதன் பொருள். நான்கே ஒலிகள் கொண்ட சிறு சுரக்கோவை மீண்டும் மீண்டும் வர, மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் சேர்கின்றன. சிற்றூர்ப் பாட்டின் எளிமையை நீக்காமல், அந்த எளிமையையே கட்டடத்தின் செங்கல்லாக்கிக் கொண்டார் லெயொந்தோவிச்.

அப்பாடலின் பிற்கால வரலாறு மொழி கற்பிப்போர் கவனத்துக்கு உரியது. ஒலெக்சாந்தர் கோஷித்ஸ் நடத்திய உக்ரைனியக் குழு 1922-இல் நியூயார்க்கு நகரின் கார்னகி அரங்கில் அதனைப் பாடியது. 1936-இல் பீட்டர் வில்ஹவுஸ்கி அதன் மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களைப் புதிதாக எழுதினார். பாடல் கிறித்துமசு மணியோசையைப் பற்றியதாகிவிட்டது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அம்மெட்டை அறிவர். அக்குருவியை அறிந்தவரோ சிலரே. மெட்டு கடல் கடந்தது. சொல் கரையில் நின்றுவிட்டது. பாடலைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர் மெட்டை மட்டும் எடுத்துச் செல்கிறாரா, சொல்லையும் உடன் அழைத்துச் செல்கிறாரா என்பதே நம் வினா.

அண்டை நாடான ஹங்கேரியில் சோல்டான் கோடாயும் பேலா பார்டோக்கும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்று பாடல் திரட்டினர். அத்திரட்டிலிருந்து பிறந்ததே கோடாயின் இசைக்கல்வி நெறி. குழந்தைக்குத் தாய்மொழி இருப்பதுபோல 'இசைத் தாய்மொழி'யும் உண்டு. அது தன் நாட்டு நாட்டார் பாடல். அதிலே தொடங்கிய பின்னரே பிறநாட்டு இசைக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. முதல் மொழியில் எழுத்தறிவு பெற்ற குழந்தை இரண்டாம் மொழியை எளிதில் கற்கும் என மொழிக்கல்வியில் நாம் சொல்லி வருவதன் இசை வடிவம் இது.

நம் மரபில் கூட்டுப்பாடல்

இவ்வழி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஆயர் மகளிர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை ஆளுக்கொன்றாக இடுகிறாள். அவர்கள் கைகோத்து நின்று பாடி ஆடுகின்றனர். இன்றைய ஆசிரியர் கையசைவால் காட்டும் சுரத்தை அன்று ஒவ்வொரு பெண்ணும் தானே நின்று காட்டினாள். தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சேர்ந்திசை வகுப்பு இது என்றால் மிகையாகாது. அதே காப்பியத்தின் வாழ்த்துக் காதையில் உலக்கைப் பாட்டாகிய வள்ளையும் ஊசல் வரியும் உள்ளன. தொல்காப்பியம் செய்யுளியலில் 'பண்ணத்தி' என்றொரு பாடல்வகையைக் குறிக்கிறது. இலக்கணமும் காப்பியமும் மக்கள் பாடலுக்கு இடம் தந்தன. பாடத்திட்டத்தில் இடம் தரத் தயங்கியவர்கள் பிற்காலத்தவராகிய நாமே.

திரட்டும் பணியும் நடந்திருக்கிறது. பெர்சி மெக்குயீன் என்னும் ஆங்கில அதிகாரி சேர்த்து வைத்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் 'மலையருவி' வெளிவந்தது. நா.வானமாமலை தமிழகப் பாடல்களைத் தொகுத்தார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பாடல்களைத் திரட்டியவர் சி.வி.வேலுப்பிள்ளை. நம் நாட்டில் முத்தம்மாள் பழனிசாமி தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை நூலாக்கினார். பாடலைச் சேர்ந்திசையாக்கும் பணியில் எம்.பி.சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, தமிழிலும் பலகுரல் இசை இயலும் எனக் காட்டினார். திரட்டியோரும் உளர், சேர்ந்திசை அமைத்தோரும் உளர். இவ்விருவரும் ஒருவராகவே வகுப்பறையில் நிற்க வேண்டும் என்பதே ஆசிரியர் பயிற்சிக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள்.

கோல சிலாங்கூர்: நிலமும் பாட்டும்

ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றிலும் கித்தாத் தோட்டங்கள் பரவியிருந்தன. 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இவ்வட்டாரத்துத் தென்னமரத்தில்தான் நடப்பட்டது. அத்தோட்டத்தின் பெயரே தமிழ்க் காதுக்குத் தென்னையை நினைவூட்டுவது. கங்காணிமார் ஆள்சேர்த்துக் கொண்டுவந்த முறை 1938-இல் இந்திய அரசின் தடையால் முடிவுக்கு வந்தது. அதற்குள் தமிழகத்தின் பல மாவட்டங்களைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டினராகிவிட்டன.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கருத வேண்டும். தமிழகத்து நாற்றுநடவு கூட்டுவேலை. பெண்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்வதால் அவ்வேலையே பாட்டைக் கேட்டு வாங்கியது. பால்மரம் வெட்டுவது அவ்வாறன்று. விடியலின் குளிரில்தான் பால் நன்கு வடியும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, ஆளுக்குச் சில நூறு மரங்களைப் பிரித்துக்கொண்டு, தலையில் விளக்குடன் தனித்தனி நிரைகளுக்குள் செல்ல வேண்டும். அடுத்த மனிதர் கூப்பிடு தொலைவில் இருப்பார். சேர்ந்து பாடும் தொலைவில் இரார். ஆகவே, ஊரில் வயலில் வாழ்ந்த கூட்டுப்பாடல் இங்கு வேலையிடத்தை விட்டு நீங்கி, மாலைநேர லயத்துக்கும் கோவில் வாசலுக்கும் ஆயாக் கொட்டகைக்கும் குடியேறியது. ஆயாக் கொட்டகையில் ஒரே பெண் பல வீட்டுப் பிள்ளைகளைத் தூளியிலிட்டு ஆட்டினாள். ஒரு வீட்டுத் தாலாட்டு அங்கே பல வீட்டுத் தாலாட்டாயிற்று. பல மாவட்டங்களின் மெட்டுகளும் சொற்களும் கலந்தன.

'லயம்' என்னும் சொல்லையே பாருங்கள். இசைநூலில் அது காலப்பிரமாணத்தைக் குறிக்கும் வடசொல். தோட்டத்தில் அது வரிசை வீடு, ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம். இருவேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. தோட்டப் பாடல்களில் இத்தகைய சொற்கள் நிறைய உள. மலாயிலிருந்து வந்த கித்தா, மங்கு, சஞ்சி, ஆங்கிலத்திலிருந்து வந்த பெரட்டு ஆகியவற்றோடு நம் துரையும் கங்காணியும் கிராணியும் அவற்றில் நடமாடுகின்றனர். எழுதப்பட்ட வரலாறு தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. இப்பாடல்களில் தொழிலாளி தானே பேசுகிறார்.

கித்தா போய்ச் செம்பனை வந்தபோது வேலையாள் தொகை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின; குடும்பங்கள் தாமான்களுக்குச் சென்றன. 1957-இல் நாட்டில் 800-க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520 அளவில் நிற்கின்றன. இடம்பெயர்ந்த பள்ளிகளும் உண்டு. தோட்டம் மறைந்த பின்னும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகளும் உண்டு. பெயர் இருக்கிறது, அப்பெயருக்குரிய பாடல் பாட்டியின் நினைவில் மட்டும் இருக்கிறது.

நாம் செய்த பிழை

பிறர்க்கு வழிசொல்லும் முன் நம் பிழையைச் சொல்வது முறை. இளமையில், கோல சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் நமக்கு ஒன்பது பாடல்கள் பாடித் தந்தார். ஒலிநாடாவில் பதிந்தோம். வீடு திரும்பியதும் அவற்றைச் செப்பமாக எழுதினோம். பேச்சுவழக்கு கொச்சை என்னும் எண்ணம் நம்மை அறியாமலே நம்மிடம் இருந்தது. அச்சேறும் தமிழ் தூயதாக இருக்க வேண்டும் எனக் கருதி வினைமுற்றுகளை இலக்கிய வடிவுக்கு மாற்றினோம். மலாய்ச் சொற்களை நீக்கி நற்றமிழ்ச் சொற்களை இட்டோம். நாடா விலை மிகுந்த காலம் அது. எழுத்துப்படி கையில் இருக்கிறது என்னும் துணிவில் அதே நாடாவில் வேறொரு பதிவைச் செய்தோம்.

சில திங்கள் கழித்து மீண்டும் சென்று, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, இது நான் பாடுன பாட்டு இல்லியே. நீங்களே இதப் பாடிப் பாருங்க, வாய்ல நிக்குதான்னு." பாடிப் பார்த்தோம், நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதை யாப்பிலக்கணமே விளக்கும். 'வெட்டப் போறேன்' என்னும் தொடர் நான்கு நேரசை, தேமா தேமா. கும்மியின் தட்டில் நான்கும் ஒரே சீராக விழும். அதனை 'வெட்டப் போகிறேன்' என்று திருத்தினால் இறுதி நேரசை நிரையசையாகிறது; தேமா தேமா என்பது தேமா கூவிளம் ஆகிறது. கை தட்டும் இடத்தில் சொல் இன்னும் வந்து சேரவில்லை. 'கித்தா' தேமா, அதற்கு மாற்றாக நாம் இட்ட 'இரப்பர்' புளிமா. 'மங்கு' என்பதற்குக் 'கிண்ணம்' இட்டபோது அளவு கெடவில்லை, இரண்டும் தேமாவே. ஆனால் மரத்தோடு மங்கு பெற்ற மோனை போயிற்று. பால் ஏந்தும் சிறு கலத்துக்குரிய சொல்லும் போயிற்று. இலக்கணம் அறிந்த நாம் செய்த திருத்தம் இலக்கணத்துக்கே மாறாயிற்று. எழுத்தறியாத அம்மூதாட்டியின் காது யாப்பைச் சரியாகக் காத்து நின்றது.

அன்று களைப்பினால் இரண்டு பாடல்களை மட்டும் அவர் மறுபடி பாடினார். தீபாவளிக்குப் பின் வருவதாகச் சொல்லி வந்தோம். நாம் சென்றபோது தோட்டம் கைமாறியிருந்தது, லயம் காலியாயிருந்தது, அவர் எங்குச் சென்றார் என்பதைச் சொல்ல ஆளில்லை. எஞ்சிய ஏழு பாடல்களும் நாம் திருத்திய வடிவில் மட்டுமே நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் படிக்கலாம், பாட இயலாது.

பயிற்சியில் சேர்க்க வேண்டியவை

1983-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் இசையை ஒரு பாடமாக்கியது. அது முதல் இசை கற்பிக்கும் ஆசிரியர்களின் தேவை தொடர்ந்து இருந்து வருகிறது. ஆசிரியர் கல்விக் கழக மாணவர் ஒருவர் பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு பாடலையாவது பின்வரும் நான்கு படிகளிலும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது நம் பரிந்துரை.

முதற்படி, கேட்டல். 'நாட்டுப்புறப் பாட்டு தெரியுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'தெரியாதுங்க' என்றே விடை வரும். அது ஏட்டுச் சொல். பாடியவர்கள் தம் பாட்டுக்கு அப்பெயர் இட்டதில்லை. 'பிள்ளைய எப்படித் தூங்க வச்சீங்க?' என்று கேட்டால் கை தானாகவே தூளியை ஆட்டும், பாட்டும் வரும். ஒரே பாடலை இருமுறை பாடச் சொல்லிப் பதிவது நல்லது. இரண்டும் ஒன்றாயிரா. எங்கு மாறுகிறது, எங்கு மாறவில்லை என்பதைக் கண்டால் பாடலின் எலும்பு எது, தசை எது என்பது புலப்படும். பாடுவதற்கு முன்னும் பின்னும் நிகழும் பேச்சையும் பதிய வேண்டும். பாடியவர் பெயர், தோட்டம், நாள், முன்னோர் ஊர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மூலப் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்கலாகாது.

இரண்டாம் படி, எழுதுதல். பாடலை மூன்று வரியாக எழுதலாம். மேல்வரியில் சுரம், நடுவரியில் கேட்டவாறே சொல், கீழ்வரியில் தட்டு. இலக்கிய வழக்கில் பொருள் எழுத விரும்பினால் பக்கத்தின் அடியில் தனியே எழுதலாம்; அது பாடலாகாது. சுரம் எழுத ச, ரி, க, ம போதும். நம் 'ச' எச்சுருதியிலும் நிற்பது. கோடாய் நெறியின் 'டோ'வும் அவ்வாறே இடம் மாறுவது. இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய கையசைவுக் குறிகளைக் கோடாய் நெறியினர் எடுத்துக்கொண்டதுபோல, நாமும் நம் சுரங்களுக்கு அவற்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

இப்படியில் ஒலிநுட்பம் ஒன்றும் உண்டு. பேச்சில் 'வந்தேன்' என்பதன் இறுதி னகரம் முழுதாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கொலி பெற்று முடிகிறது. 'மரம்' முதலியவற்றின் இறுதி மகரமும் அத்தகையதே. அவ்வுயிரை எவ்வளவு நேரமும் நீட்டலாம். வாய் திறந்தே இருக்கும். இலக்கிய வழக்கின்படி ஒற்றை முழுதாக ஒலித்தால் வாய் மூடிக்கொள்ளும், முப்பது பிள்ளைகள் முப்பது வெவ்வேறு நொடிகளில் மூடுவர், ஓசை சிதறும். சேர்ந்திசை ஆசிரியர்க்குப் பேச்சொலியியல் பயன்படும் இடங்களுள் இது ஒன்று. மற்றொன்று குறில், நெடில் வேறுபாடு. மெட்டுக்காகக் கண்ட இடத்தில் குறிலை நீட்டினால் 'பல்' 'பால்' ஆகிவிடும். 'வளி' 'வாளி' ஆகிவிடும். நாட்டார் பாடகி நீட்டும் இடங்கள் பெரும்பாலும் அடியின் இறுதியும் அசைச்சொற்களுமே என்பதைக் கூர்ந்து கேட்டால் அறியலாம்.

மூன்றாம் படி, பாடுதல். ஏட்டைப் பாராமல், கருவியின் துணையின்றி, மாணவர் தனியே பாடிப் பழக வேண்டும். இயன்றால், பாடித் தந்தவர் முன்னிலையிலேயே பாடிக்காட்ட வேண்டும். அவர் திருத்துவதே தேர்வு; அவர் தலையசைப்பதே மதிப்பெண்.

நான்காம் படி, சேர்த்தல். தமிழ் நாட்டார் பாடல் ஒற்றை மெட்டு உடையது. அதன்மேல் மேலைச் சுரக்கூட்டுகளைக் கொண்டுபோய் அடுக்கினால் மெட்டின் நெளிவுகள் நசுங்கும். லெயொந்தோவிச் செய்ததுபோலப் பாடலுக்குள் இருக்கும் பொருள்களைக் கொண்டே பலகுரல் அமைக்க வழிகள் உண்டு. ஒன்று, ஒரு பிரிவினர் 'ச'வையும் 'ப'வையும் மெல்லத் தாங்கி நிற்க, மற்றவர் பாடுவது. இரண்டு, 'தன்னானே' அல்லது 'ஆராரோ' என்னும் அசைச்சொற்களை ஒரு பிரிவினர் சிறு சுரக்கோவையாகத் திரும்பத் திரும்பப் பாட, அதன்மேல் பாடல் நடப்பது. 'ஷெத்ரிக்' செய்வதும் ஏறத்தாழ இதுவே. மூன்று, முன்பாட்டு முடியுமுன்னே பின்பாட்டு தொடங்கி ஒன்றன்மேல் ஒன்று சிறிது படிவது. நான்கு, ஒரே மெட்டை இரண்டு பிரிவினர் முன்பின்னாகத் தொடங்கிச் சுழல விடுவது. ஐந்து, கும்மியின் கைத்தட்டையும் காலடியையும் குரலோடு சேர்ந்த தனிப்பகுதியாகவே பயிற்றுவது. தாலாட்டுகளும் கும்மிகளும் பெரும்பாலும் ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்குவதால் பிள்ளைகளின் குரலுக்கு இடர் தாரா. பெரியோர் குரலுக்கென அமைந்த திரைப்பாடலைப் பாடும்போது அவர்கள் கத்துவதோ முணுமுணுப்பதோ இங்கு நேராது.

நம் அண்டை மரபும் துணை நிற்கும். கிளந்தானில் தோன்றி நாடெங்கும் பள்ளிகளில் வழங்கும் டிக்கிர் பாராட் கலையில் ஒருவர் பாட, வரிசையாக அமர்ந்த குழுவினர் கைத்தட்டலோடு ஏற்றுப் பாடுவர். கும்மியின் முன்பாட்டும் பின்பாட்டும் அதன் உறவினரே. மலாய் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேடையில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பாடினால், ஒருவர் மரபை மற்றவர் அறிய நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை சில

எல்லாப் பாடலும் எல்லா இடத்துக்கும் உரியதன்று. ஒப்பாரியைச் சாவு நிகழாத வீட்டில் பாடுவது ஆகாது என்பது பெரியோர் வழக்கு. ஆசிரியர் பயிற்சியில் அதனைக் கேட்டு ஆராயலாம்; சிறுவர் மேடைக்குக் கொண்டுவருதல் முறையன்று. பழைய பாடல்கள் சிலவற்றில் சாதி இழிவுச் சொற்கள் உண்டு. அத்தகையவற்றை ஆவணத்தில் உள்ளபடியே காக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேறு பாடலைத் தெரிந்தெடுக்க வேண்டும். தப்பும் உருமியும் பற்றி இன்னும் சிலர் உள்ளத்தில் தயக்கம் உள்ளது. அவற்றை வகுப்புக்குள் கொண்டுவரும் ஆசிரியர், வாசிப்போரை மதிப்போடு அழைத்துவந்து, அவர்களையும் ஆசிரியராக அமர்த்துவதே அத்தயக்கத்தை நீக்கும் வழி. பாடித் தந்தவரின் இசைவின்றி எதையும் மேடையேற்றலாகாது. நிகழ்ச்சி நிரலில் இசையமைப்பாளர் பெயர் இடம்பெறும் இடத்தில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இடம்பெற வேண்டும்.

தூய தமிழ் கற்பிக்கும் பள்ளியில் பேச்சுவழக்குப் பாடல் மாணவர் மொழியைக் கெடுக்காதா எனச் சில ஆசிரியர்கள் வினவுவர். நியாயமான அச்சம், ஆயினும் வேண்டாத அச்சம். ழகர, ளகர, லகர வேறுபாட்டில் இடறும் பிள்ளைக்குத் தாலாட்டைப்போல நாப்பயிற்சி தருவது அரிது. 'தால்' என்பதே நாவைக் குறிக்கும் சொல். நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு. 'போறேன்' என்று பாடிய பிள்ளை கட்டுரையில் 'போகிறேன்' என்று எழுதக் கற்றால், அவனுக்கு இரண்டு வழக்குகள் கைவந்தன. எது எங்கு உரியது எனப் பகுத்தறிவதே மொழித்திறம். அப்பகுப்பைக் கற்பிக்கப் பாடலைவிடச் சிறந்த பாடப்பொருள் நமக்குக் கிடைத்ததில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஆசிரியராகவிருக்கும் மாணவர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு பாடலைக் கேளுங்கள். நாம் சுமந்து திரிந்த பெருங்கருவி இன்று உங்கள் சட்டைப் பையில் கைப்பேசியாக இருக்கிறது. நாடா தீரும் கவலையும் இல்லை. கேட்டவாறே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுதியதை அவரிடமே பாடிக் காட்டுங்கள். 'இது என் பாட்டுதான்' என்று அவர் சொன்ன பிறகு அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அடுத்த ஆண்டுவிழாவில் முப்பது பிள்ளைகள் அதனைப் பாடும்போது முன்வரிசையிலிருந்து ஒரு முதிய குரல் தானாகவே பின்பாட்டில் சேர்ந்துகொள்ளக் கூடும். சேர்ந்தால், நிறுத்தச் சொல்லாதீர்கள்.